ஆம்ஸ்டர்டாம் காஃபிஷாப்: முதல் தடவை போய் வந்தேன், சந்தேகம் இருந்தால் கேளுங்கள்

சேலத்து நாடோடி | சனி, இரவு 10.15

வேலை விஷயமாக நெதர்லாந்து போயிருந்தேன். வேலை முடிந்ததும் மூன்று நாள் ஆம்ஸ்டர்டாமில் தங்கினேன். நம் மன்றத்தில் டிராம் சீட்டுக்கு இழை இருக்கிறது, டுலிப் தோட்டத்துக்கு இருக்கிறது. கஞ்சா விற்கும் காஃபிஷாப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். விவரம் தெரிந்து போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 38. சிகரெட் பழக்கம் இல்லை. கஞ்சாவைக் கையால் தொட்டதும் கிடையாது. ஆனால் அந்தப் பெயரைச் சின்ன வயதிலிருந்தே பயத்தோடு கேட்டு வளர்ந்தவன். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், கல்லூரி முதல் வருடத்தில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டான். படிப்பு அதோடு போயிற்று. அவன் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பொட்டலத்தில் இருந்ததை இன்னொரு ஊரில் கடை போட்டு விற்கிறார்கள் என்றால், அது எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாக மனதில் இருந்தது.

யோர்டான் பகுதியில் வாய்க்காலை ஒட்டிய சின்னக் கடை. மாலை ஐந்து மணி, தூறல். வாசலில் இருந்தவர் பாஸ்போர்ட் கேட்டார். போனில் வைத்திருந்த படத்தைக் காட்டினேன், மறுத்துவிட்டார். விடுதிக்குத் திரும்பிப் போய் அசலை எடுத்து வந்தேன். 18 வயது நிரம்பியவர் என்று தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள், தலை நரைத்திருந்தாலும் சரி.

உள்ளே காபி வாசனை வருகிறது, அதற்கு மேல் ஈர வைக்கோலும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்தாற்போல் ஒரு வாசனை. விலைப்பட்டியல் எங்கே என்று தேடினேன். மேசை மீது கறுப்புக் கண்ணாடிப் பலகை, பக்கத்தில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் உள்ளே விளக்கு எரிந்து பட்டியல் தெரியும், கையை எடுத்தால் மறுபடி இருட்டு. விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதிக்காக இந்த ஏற்பாடாம். ஒரு பக்கம் பூ வகைகள், மறு பக்கம் ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின் வகைகள், எல்லாம் கிராம் கணக்கு. பத்து யூரோவை ஒட்டியும் அதற்கு மேலும் விலை.

கல்லாவில் ஒரு இளம்பெண். மூன்று கேள்வி கேட்டார். முதல் தடவையா? புகையிலை பழக்கம் உண்டா? இன்று மது குடித்தீர்களா? எங்கள் ஊரில் பழகின மருந்துக்கடைக்காரர் “சாப்பிட்டாச்சா, வேற மாத்திரை ஏதும் போடுறீங்களா” என்று கேட்பாரே, அதே தொனி. நான் காட்டிய வகையைப் பார்த்துவிட்டு, “இது வேண்டாம், உங்களுக்கு இது அதிகம்” என்று வீரியம் குறைந்த ஒன்றை எடுத்தார். புகையிலை கலக்காமல் சுருட்டியது ஒன்று வாங்கினேன். பக்கத்தில் ஒருவர் பூவாக ஒரு கிராம் கேட்டார். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு. 0.9 காட்டியது, குச்சியால் ஒரு சின்னத் துணுக்கை எடுத்து வைத்தார், 1.0 ஆனது. அந்தத் துணுக்கை வைத்த நிதானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொட்டலத்தோடு பிடிபட்டவன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

ஜன்னலோரம் உட்கார்ந்து புதினாத் தேநீர் வாங்கிக்கொண்டேன். அங்கே புதினா என்றால் காம்போடு ஒரு கொத்தையே கண்ணாடித் தம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றித் தருகிறார்கள். நான்கு இழுப்பு. முதல் இழுப்பில் தொண்டை எரிந்து இருமல். பத்து நிமிடத்தில் தோள் இறுக்கம் தளர்ந்தது. தெருவில் போன சைக்கிள் மணி ரொம்பக் கிட்டத்தில் கேட்டது. தம்ளரில் புதினா இலை ஒன்று மேலே வந்து, கீழே போய், மறுபடி மேலே வந்தது. அதையே எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. பயம் வரவில்லை. வாய் வறண்டது, நல்ல பசி எடுத்தது. பாதியை அப்படியே அணைத்துச் சாம்பல் கிண்ணத்தில் விட்டுவிட்டு எழுந்தேன்.

கடையில் இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி. ஒரு பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் சதுரங்கம் ஆடினார்கள். சத்தம் போட்டவர்கள் யாருமில்லை.

புதுப்பயணி | சனி, இரவு 11.02

அண்ணா, நேரில் பார்த்த மாதிரி இருந்தது. மே மாதம் நானும் மனைவியும் போகிறோம். ஒரு சந்தேகம். சட்டப்படி அனுமதி என்றால் பில் தருவார்களா, பாஸ்போர்ட் எண்ணை எங்காவது எழுதி வைப்பார்களா? நாளைக்கு விசாவுக்குப் போகும்போது பிரச்சினை வருமா? அப்புறம், சும்மா காபி குடிக்க நினைத்துத் தவறிப்போய் அங்கே நுழைந்துவிட்டால்?

உட்ரெக்ட்வாசி | ஞாயிறு, காலை 6.40

11 வருடமாக இங்கே இருக்கிறேன். முதலில் பெயர்க் குழப்பம். டச்சுக்காரர்கள் காபிக்குப் போகும் இடம் கஃபே அல்லது கோஃபிஹாவ்ஸ். “காஃபிஷாப்” என்று போர்டு இருந்தால் அது கஞ்சா விற்கும் இடம். அங்கே காபியும் கிடைக்கும், மது கிடைக்காது. வாசலில் வயதைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நான் பார்த்த கடைகளில் பெயர் எழுதி வைப்பதில்லை.

இப்போது முக்கியமான திருத்தம். “சட்டப்படி அனுமதி” என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், அது தப்பு. நெதர்லாந்தில் கஞ்சா இன்றைக்கும் அபினிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட பொருள். இவர்கள் செய்வதற்கு “ஹெடோகன்” என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குச் சரியான சொல் இல்லை என்பார்கள். நமக்கு இருக்கிறது: கண்டும் காணாமல் விடுவது. நம் ஊரில் அது ஒரு காவலர் தன் விருப்பத்துக்குச் செய்வது. இங்கே அரசாங்கமே விதிகளை எழுதி வைத்துச் செய்கிறது.

விதிகள் இவைதான். விளம்பரம் கூடாது. ஹெராயின், கொக்கைன் மாதிரி கடும் போதைப்பொருள் எதுவும் கடைக்குள் இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது. 18 வயதுக்குக் கீழே யாரும் வரக் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது, கடையில் 500 கிராமுக்கு மேல் சரக்கு இருக்கக் கூடாது. மீறினால் நகரத் தலைவர் கடையைப் பூட்டலாம். விதி மீறாத கடைக்கே கூட உத்தரவாதம் கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் 70-களின் தொடக்கத்திலிருந்து நடந்த மெல்லோ யெல்லோ என்ற கடைதான் முதல் காஃபிஷாப் என்பார்கள். பக்கத்தில் ஒரு முடிதிருத்தும் பயிற்சிப் பள்ளி இருந்தது. பள்ளியிலிருந்து 250 மீட்டருக்குள் கடை கூடாது என்று விதி வந்ததும், 2016 முடிவோடு அதையும் மூட வைத்தார்கள்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? 70-களில் ஆம்ஸ்டர்டாமுக்கு ஹெராயின் வந்து இறங்கியது. ஸேடைக் என்ற தெருவில் இளைஞர்கள் ஊசியோடு கிடந்து செத்த காலம். கஞ்சா வாங்கப் போகிற பையனுக்கு அதே ஆள் ஹெராயினையும் நீட்டுவான், இரண்டையும் பிரித்துவிட்டால் கொஞ்சம் பேராவது தப்புவார்கள் என்று யோசித்தார்கள். 1976-ல் சட்டத்தைத் திருத்திக் கஞ்சாவைத் தனிப் பட்டியலில் வைத்தார்கள். சேலத்து நாடோடி பார்த்த தராசுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

சேலத்து நாடோடி | ஞாயிறு, காலை 8.10

“கண்டும் காணாமல் விடுவது”. அங்கே இருந்தபோது இந்தச் சொல் கிடைக்காமல் போயிற்று. நன்றி. நானே தலைப்பில் “சட்டப்பூர்வ” என்று போட இருந்தேன், நல்ல வேளை.

மதுரை வக்கீல் | ஞாயிறு, காலை 9.25

நம் பக்கத்துச் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், யாரும் கவனிப்பதில்லை. நம்முடைய 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ்., இந்திய எல்லையோடு நிற்பதில்லை. 2001-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, இந்தியாவுக்கு வெளியே இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் அது பொருந்தும் என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் நான்கு இழுப்பு இழுத்ததற்காக யாரையும் தேடி வரப்போவதில்லை என்று நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லலாம். சரி. ஆனால் “அங்கே அனுமதி, அதனால் எனக்கு எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை” என்பது ஏட்டளவில் சரியில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கொண்டுவருவது இதைவிடப் பெரிய விஷயம். ஒரு கிராமோ அரைக் கிராமோ, விமான நிலையத்தில் இறங்கும்போது பையில் இருந்தால் அது இறக்குமதிக் குற்றம். பாங்கு எனப்படும் கஞ்சா இலை பற்றி ஒரு விதிவிலக்கு இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். கஞ்சா என்று சட்டம் சொல்வது பூவையும் காய்க்கும் நுனியையும், விலக்கு தனியாக இருக்கும் இலைக்கும் விதைக்கும்தான். பிசினுக்கு, அதாவது சரஸுக்கு, எந்த விலக்கும் இல்லை. காஃபிஷாப்பில் விற்பது பூவும் பிசினும். அந்த விலக்கை நம்பிப் போகாதீர்கள்.

தேக்கா வாசி | ஞாயிறு, பகல் 12.48

சிங்கப்பூரிலிருந்து. நம் மக்கள் இங்கேயும் நிறையப் பேர் படிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன், தயவுசெய்து கவனியுங்கள். சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதற்குச் சமமான குற்றம். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைக்கலாம். பத்து வருடம் வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. கஞ்சா வழக்கில் தூக்குக்குப் போனவர்களில் நம் தமிழர்களும் உண்டு, அந்தச் செய்தியைப் படித்த காலை நேரம் எனக்கு மறக்காது. ஆம்ஸ்டர்டாமில் கடை வாசலில் ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிற பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

பிச்சிப்பூ | ஞாயிறு, மாலை 4.30

என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 2019-ல் நானும் கணவரும் போனோம். புகை ஒத்துக்கொள்ளாது என்று கேக் வாங்கினோம். ஸ்பேஸ் கேக் என்பார்கள், பார்க்க நம் டீக்கடை வாழைப்பழக் கேக் மாதிரிதான். கல்லாவில் இருந்தவர் கால் பங்கு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருங்கள் என்றார். நான் கால் பங்கோடு நிறுத்தினேன். அவர் முக்கால் மணி நேரம் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை என்று மீதி முழுவதையும் சாப்பிட்டுவிட்டார்.

ஆல்பர்ட் கைப் சந்தையில் நடந்துகொண்டிருந்தோம். மீன் கடை முன்னால் வந்தபோது என் கையை இறுக்கிப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. “நெஞ்சு அடிக்கிறது, நான் சாகப்போகிறேன், அம்மாவுக்குப் போன் போடு” என்றார். ஊரில் அப்போது ராத்திரி. எனக்கு உடம்பு உதறிவிட்டது. ஒரு பூக்கடைக்காரம்மா பார்த்துவிட்டுக் கடைக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்து உட்கார வைத்தார். எலுமிச்சைச் சாறு சர்க்கரை போட்டுக் கொடுத்தார். “கேக்கா?” என்று மட்டும் கேட்டார். “சாக மாட்டீர்கள், இது போய்விடும், மூச்சை மெதுவாக விடுங்கள்” என்று அவர் முதுகைத் தடவியபடியே பத்து தடவையாவது சொல்லியிருப்பார். அறைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தேன், விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மதியம்தான் அவர் பழைய ஆளானார்.

அந்த அம்மாவின் பெயர் கூடக் கேட்கவில்லை, அந்தப் பதற்றத்தில். அது இன்னும் உறுத்துகிறது.

மாத்திரைக்கடை | ஞாயிறு, மாலை 5.55

பிச்சிப்பூ அக்கா, உங்கள் கணவர் செய்த தவறுதான் அதிகம் பேர் செய்வது. காரணம் இது. புகைத்தால் மருந்து நுரையீரல் வழியாகச் சில நிமிடத்தில் மூளைக்குப் போகும், எவ்வளவு ஏறியது என்று உடனே தெரியும், நிறுத்திக்கொள்ளலாம். சாப்பிட்டால் வயிறு, குடல், கல்லீரல் என்று சுற்றி வர வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதோடு கஞ்சாவில் போதை தருகிற டி.ஹெச்.சி. என்ற பொருளைக் கல்லீரல் இன்னொரு வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது, அது இன்னும் வீரியமாக வேலை செய்யும். அதனால்தான் தாமதமாக வந்து, பலமாக வந்து, பல மணி நேரம் நிற்கிறது.

அப்படி ஆனால் அமைதியான இடம், தண்ணீர், இனிப்பு, பக்கத்தில் ஒரு ஆள். நெஞ்சு வலி, மயக்கம், எழுப்பினால் எழாத நிலை என்றால் யோசிக்காமல் 112-க்குப் போன் செய்யுங்கள், என்ன சாப்பிட்டார் என்று உண்மையைச் சொல்லுங்கள். இதய நோய், மனநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பக்கமே போகக் கூடாது.

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 9.12

எல்லாவற்றையும் படித்தேன். நண்பர் நேர்மையாக எழுதியிருக்கிறார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் இதை எழுதாமல் தூக்கம் வராது.

என் தம்பி பொறியியல் படிக்கப் போன இடத்தில் பழகினான். 19 வயது. முதலில் வாரம் ஒரு நாள், பிறகு தினமும். இரண்டாம் வருடம் முடியும்போது, அடுத்த அறைப் பையன்கள் சுவர் வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். வீட்டுக்கு அழைத்து வந்தோம். மின்விசிறிச் சத்தத்தில் யாரோ தன் பெயரைச் சொல்வதாகச் சொல்லி, மே மாத வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான். அப்பா எதிரே உட்கார்ந்து விசிறி மட்டையால் வீசிக்கொண்டே இருப்பார். நான்கு வருடமாக மாத்திரை. நன்றாக இருக்கிற வாரங்களும் உண்டு, இல்லாத வாரங்களும் உண்டு.

புதினா இலை மேலே வந்து கீழே போனது அழகாகத்தான் இருக்கிறது. அதைப் படிக்கிற ஒரு 19 வயதுப் பையனை நினைத்துப் பார்க்கிறேன்.

மாத்திரைக்கடை | ஞாயிறு, இரவு 9.50

நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் செய்தது, ஆம்ஸ்டர்டாமும் அதில் உண்டு. டி.ஹெச்.சி. 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு, தொடாதவர்களைவிட மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று கண்டார்கள். வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் இன்னும் கவனம் தேவை.

சேலத்து நாடோடி | ஞாயிறு, இரவு 11.30

காவிரிக்கரை அண்ணா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். முதல் பதிவை எழுதும்போது 38 வயதுக்காரனான என்னை மட்டும்தான் நினைத்தேன். 19 வயதை நினைக்கவில்லை. என் பெஞ்சுத் தோழன் 18 வயதில்தான் பிடிபட்டான். அவன் வாழ்க்கையைக் கெடுத்தது வழக்கு என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அந்தப் பொட்டலம் அவன் தலைக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் கேட்டதே இல்லை, வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

எழுதியதை அழிக்கப் போவதில்லை. ஆனால் கல்லாவில் அந்தப் பெண் கேட்ட மூன்று கேள்வியும் வாசலில் பார்த்த பாஸ்போர்ட்டும் நம் ஊரில் இருந்திருந்தால் உங்கள் தம்பிக்கு உதவியிருக்குமா? வாதத்துக்காகக் கேட்கவில்லை. தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

உட்ரெக்ட்வாசி | திங்கள், காலை 6.55

அந்தக் கேள்விக்கு அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே நடப்பதை மட்டும் நான் சொல்கிறேன். கடைகளில் விற்பது இப்போது சராசரியாக 15 சதவீதத்தை ஒட்டிய டி.ஹெச்.சி., வெளிநாட்டு ஹஷீஷில் இன்னும் அதிகம். மாத்திரைக்கடை சொன்ன 10 சதவீதத்தை இங்கே சாதாரணக் கடைச் சரக்கே தாண்டிவிடுகிறது. கல்லாப் பெண் வீரியம் குறைந்ததை எடுத்துக் கொடுத்தது அவருடைய நல்ல குணம், எல்லாக் கடையிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. முன்வாசலில் விற்பதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள், பின்வாசல் வழியாகச் சரக்கு வருவது முழுக் குற்றம். பயிரிடுவதும் கடைக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் தடை. அதனால் இவ்வளவு ஒழுங்கான கடைக்குப் பின்னால் இத்தனை வருடமாகக் குற்றக் கும்பல்கள்தான் சம்பாதித்தன. இதைச் சரிசெய்ய ஒரு பரிசோதனை நடக்கிறது. 2023 டிசம்பரில் பிரெடாவிலும் டில்பர்கிலும் தொடங்கி, பிறகு பத்து ஊர்களுக்கு விரித்தார்கள். உரிமம் பெற்ற பண்ணைகளிலிருந்து, ஆய்வகத்தில் சோதித்து, சீல் வைத்து வருகிறது. ஆம்ஸ்டர்டாம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சேலத்து நாடோடி, நீங்கள் வாங்கியது எங்கே விளைந்தது, அதில் என்ன தெளித்தார்கள் என்று அந்தக் கல்லாப் பெண்ணுக்கே தெரிந்திருக்காது.

புதுப்பயணிக்கு: பழைய நகர மையத்தில், சிவப்பு விளக்குப் பகுதியைச் சுற்றி, 2023 மே மாதத்திலிருந்து தெருவில் கஞ்சா புகைக்கத் தடை. 100 யூரோ அபராதம். மாஸ்ட்ரிக்ட் போனால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளைக் கடைக்குள் விட மாட்டார்கள். தெருவில் தோளை உரசி “கோக், கோக்” என்று கிசுகிசுப்பவர்களிடம் நின்று பேசாதீர்கள். 2014-ல் கொக்கைன் என்று சொல்லி வெள்ளை ஹெராயினை விற்றுச் சுற்றுலா வந்தவர்கள் செத்தார்கள். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் கடைப் பக்கமே போக வேண்டாம், இங்கே எச்சிலை வைத்துச் சோதித்து, ரத்தத்தையும் எடுப்பார்கள்.

புதுப்பயணி | திங்கள், பகல் 1.20

எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் முழு இழையையும் படித்துக் காட்டினேன். அவளுடைய சித்தப்பாவுக்குப் பல வருடமாக மனநலச் சிகிச்சை நடக்கிறது. மாத்திரைக்கடை அண்ணன் எழுதியதைக் கேட்டதும் “எனக்கு வேண்டாம்” என்றாள். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் செய்வதற்கில்லை. புதினாத் தேநீர் எந்தக் கஃபேயிலும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நினைவுப்பொருள் கடைகளில் இலைப் படம் போட்ட மிட்டாய் விற்கிறார்களே, அது வாங்கலாமா?

மதுரை வக்கீல் | திங்கள், மாலை 6.05

அதில் பெரும்பாலும் வெறும் சர்க்கரைதான் இருக்கும். ஆனால் சென்னை விமான நிலையத்தில் நள்ளிரவில் அதை யாருக்கு நிரூபிப்பீர்கள்? சீஸ் வாங்கி வாருங்கள்.

சேலத்து நாடோடி | திங்கள், இரவு 8.40

புதினாத் தேநீர் எல்லா இடத்திலும் கிடைக்கும் தம்பி. தேன் தனியாகத் தருவார்கள். திரும்பும் நாள் காலையில் நான் ஜாக்கெட் பைகளை எல்லாம் வெளியே இழுத்துத் திருப்பி உதறினேன். இரண்டு தடவை. அப்படியும் ஸ்கிபோல் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது கை தானாகப் பைக்குள் போய்த் துழாவிக்கொண்டே இருந்தது.

காவிரிக்கரை | செவ்வாய், காலை 7.15

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை நண்பரே. 18 என்று வாசலில் பார்த்திருந்தாலும் அவன் 19. ஆனால் அது அதிகம் என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருக்கலாம். எங்களிடமே கூட அவன் முன்னாடி சொல்லியிருக்கலாம், போலீஸ் பயத்தில் ஒரு வருடம் மறைத்துவிட்டான்.

தம்பி இந்த வாரம் நன்றாக இருக்கிறான். நேற்று அவனே சந்தைக்குப் போனான். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து எடுத்திருக்கிறான், ஒன்று கூட முற்றல் இல்லை. அம்மா அதைக் கழுவாமல் அப்படியே தட்டில் பரப்பி அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.